நான்கு வரி அட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம், அந்தச் சம்பவத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் வண்டி டிரைவர் கொம்பையா சொல்லித்தான் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதில் எவ்வளவு கூட்டினார், எவ்வளவு விட்டார் என்று எனக்குத் தெரியாது. அதனால் பார்த்ததைப் பார்த்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும் பிரித்தே சொல்கிறேன். நீங்கள் காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறீர்கள். தப்பாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது.

உட்காருங்கள். மேனேஜர் சார் வர அரை மணி நேரமாவது ஆகும். அந்த நாற்காலி வேண்டாம் மேடம், இதில் உட்காருங்கள். அதில் பிசுக்கு போகவே போகாது. இங்கே எல்லாவற்றிலும் அதுதான். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் எங்கள் அம்மா, "பஜ்ஜிக் கடை வந்திருச்சு" என்பாள்.

எரிபொருள் எதிலிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் காட்டாமணக்கைத்தான் முதலில் கேட்பார்கள். அது நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே முடிந்துபோன கதை. ஆடு தின்னாது, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லி எங்கள் ஊரிலும் நடச்சொன்னார்கள். அது காய்க்கவும் வேண்டாம் என்று இருந்துவிட்டது. புங்கங்கொட்டை வரும், வருஷத்தில் இரண்டு மாதம். கரும்பாலைக்காரர்கள் பெட்ரோலில் கலக்க ஸ்பிரிட் கொடுக்கிறார்கள், அது வேறு ஆட்கள், பெரிய ஆட்கள். எங்களுக்கு வடைச்சட்டிதான்.

ஆமாம், வடைச்சட்டி. ஓட்டல், பஜ்ஜிக் கடை, மிக்சர் போடுகிற இடம், கல்யாண மண்டபம். பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வாங்கிவந்து, படியவிட்டு, வடிகட்டி, சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்குவோம். கிளிசரின் கீழே இறங்கிவிடும். மேலே நிற்பது டீசல் மாதிரி. லாரிக்குப் போகிறது, ஜெனரேட்டருக்குப் போகிறது, பாய்லருக்குப் போகிறது. "நேற்று அப்பளம் பொரித்தது நாளை சிமெண்ட் லாரியை ஓட்டும்." வாசலில் போர்டு பார்த்தீர்கள் அல்லவா, அந்த வாசகம் நான் எழுதியதுதான்.

எங்கள் அப்பாவும் ஒரு வகையில் இதே தொழில்தான். கரிமூட்டம் போடுகிறவர். கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, ஐந்து நாள் புகைக்குள் நிற்பார். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இந்த வேலை கிடைத்தபோது அப்பா, "நீயும் எரிக்கிற சோலிக்குத்தான் போறியா?" என்று கேட்டார். இல்லைப்பா, இது சுத்தமான வேலை என்றேன்.

சரி, எண்ணெயைச் சோதிக்கிற மீட்டருக்கு வருகிறேன்.

இதோ பாருங்கள், இதுதான். பேனா மாதிரிக் கைப்பிடி, நீளமாக ஒரு கம்பி. கம்பியின் முனையை எண்ணெயில் விட்டால் அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எண் காட்டும். இருபத்தைந்துக்கு மேல் போனால் சமையலுக்கு ஆகாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கும் எரியும். கடைக்காரர்களுக்கு எண் புரியாவிட்டாலும் விளக்கு புரியும். நாங்கள் ஓசியாகச் சோதித்துச் சொல்வோம். சிவப்பு வந்தால் அந்த எண்ணெயை எங்களிடம் கொடுத்துவிட வேண்டியது. யாருக்கும் கட்டாயம் கிடையாது. ஆனால் சிவப்பு எரிந்த பிறகு யார் அந்தச் சட்டியில் மறுபடி மாவை விடுவார்கள்?

மீட்டரோடு ஒரு புத்தகம் வந்தது. இங்கிலீஷ். நாற்பது பக்கம். மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தானே இங்கிலீஷ் வரும், டிரைவர்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஒரு அட்டை போட்டுக் கொடு. நாலு வரிக்கு மேல் போனால் ஒருத்தனும் படிக்க மாட்டான்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது மேடம். வராது என்று சொல்லப் பயம். மூன்று ராத்திரி அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பேட்டரி மாற்றுவது, பெட்டியில் வைப்பது, துடைப்பது என்று தேவையில்லாததுதான் நிறைய. எல்லாவற்றையும் நீக்கி நான்கு வரியாக்கினேன். அதோ, அந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு வண்டிக்கு ஒன்று. பதினோரு வண்டி.

நான் செய்தது அந்த அட்டை மட்டும்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது சம்பவம். செம்மடை விலக்கு என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. இங்கிருந்து எட்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடம் எதிரே. அங்கே சீனியம்மாள் என்று ஒரு அம்மா வடைக்கடை போட்டிருந்தார். தள்ளுவண்டிதான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்த வண்டிதான். அந்தக் கடையை நான் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில் போகும்போது. வண்டியின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதில் காலி எண்ணெய்ப் பாக்கெட்டுகளாகத் தொங்கும். தினமும் காலையில் வருகிறவர்கள் முன்னாலேயே புதுப் பாக்கெட்டைக் கத்தரித்துச் சட்டியில் ஊற்றிவிட்டு, காலிப் பாக்கெட்டைக் கயிற்றில் மாட்டிவிடுவாராம். மாதம் முடிந்ததும் அவிழ்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. யாரும் கேட்கவில்லை. அவராக வைத்துக்கொண்ட வழக்கம். "எண்ணிப் பாத்துட்டுத் தின்னுங்க" என்பாராம்.

கொம்பையா அங்கே போனது சாயங்காலம் நாலு மணிக்கு. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இனி அவர் சொன்னது.

"யக்கா, ஓசி டெஸ்ட்டு. ஒரு நிமிசம்."

"எனக்கெதுக்குய்யா? நாந்தான் தெனமும் புதுசு உடைக்கேன்ல. கயித்தப் பாரு."

"அப்பப் பயம் எதுக்கு?"

"பயமென்ன பயம். முக்கிப் பாரு போ."

இதைக் கொம்பையா எனக்கு நடித்தே காட்டினார். என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அட்டை எழுதியதிலிருந்து. "சட்டி நெறைய உளுந்த வடை குதிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு டீச்சர். சலசலன்னு ஒரே நுரை. ஒரு ஓரமா வடைய ஒதுக்கிட்டுக் கம்பிய விட்டேன். முப்பத்தொண்ணு! செவப்பு லைட்டு எரிஞ்சிருச்சு!"

எதிரே தவசி என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். அவர் அங்கிருந்தே, "எம்புட்டுப்பா?" என்று கேட்டிருக்கிறார். கொம்பையா உரக்கச் சொல்லியிருக்கிறார். அட்டையில் நாலாவது வரி அதுதான்: எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துச் சொல்லவும். சொன்னார். அவர் வேலை அது.

சீனியம்மாள், "முப்பத்தொண்ணுன்னா என்னய்யா?" என்று கேட்டாராம்.

"இருபத்தஞ்சத் தாண்டினா மனுசன் திங்கக் கூடாதுக்கா. வண்டி திங்கலாம்."

எல்லாரும் சிரித்தார்களாம். கொம்பையா இப்படித்தான், எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். மனசில் ஒன்றும் கிடையாது. அந்த அம்மா சட்டி எண்ணெயை ஆறவிட்டு, கேனில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் பாக்கெட்டை உடைக்கும்போது ரோட்டில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாராம். "பாத்துக்கோங்க, பாத்துக்கோங்க." அது தேவையில்லாத வேலை. அப்படிக் கூப்பிட்டால்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும்.

இரண்டு நாள் கழித்து நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வகுப்பிலேயே வாந்தி எடுத்திருக்கிறது. முந்தின நாள் அங்கே வடை தின்ற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாளாகவே காய்ச்சல் இருந்ததாம். இதை எனக்குப் பின்னால் அந்த ஸ்கூல் ஆயா சொன்னார். அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. பிள்ளையின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிட்டார், கூட நாலைந்து பேர். கொம்பையா அப்போது அங்கேதான் இருந்தார். தவசி கடையில் டீ குடிக்கப் போயிருந்தார்.

"எம்பிள்ளைக்கு என்னத்தடி குடுத்த?"

"புது எண்ணெய்தான்யா. கயித்தப் பாருங்க."

தவசி சொன்னாராம், "குப்பையில கெடக்குற பாக்கெட்டப் பொறுக்கித் தோரணம் கட்டுனா எண்ணெய் புதுசாயிருமா? மிசினு பொய் சொல்லுமா? முப்பத்தொண்ணு! நாங் கேட்டேன்ல, இந்தக் காதால!" கொம்பையாவைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தி, "சொல்லுப்பா, எம்புட்டு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

அப்போது கூட்டத்தில் ஒருத்தர், "நல்ல எண்ணெய்தானே, குடிச்சுக் காட்டு" என்றாராம்.

அந்த அம்மா பேசாமல் இருந்திருக்கலாம் மேடம். வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவர் பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை ஊற்றப் போனாராம். "புதுசு வேண்டாம், சட்டியில கெடக்கே, அத" என்றார்களாம். டம்ளர் தவசிதான் கொடுத்திருக்கிறார். டீக் கிளாஸ். கழுவிக் கொடுத்தாராம், அதைக் கொம்பையா இரண்டு தடவை சொன்னார், "கழுவிக் குடுத்தான் டீச்சர், கழுவி!"

அன்றைக்கு வாங்க ஆளில்லாமல் அடுப்பை முன்னாலேயே அணைத்துவிட்டிருந்தாராம், ஆறிப்போன எண்ணெய். ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "போதுமாய்யா?" என்றாராம்.

"பத்தாது. இன்னொண்ணு."

இரண்டாவதையும் குடித்தார்.

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வாய் வழியாகவும் வந்தது, மற்றபடியும். பஸ் நிறுத்தம் மேடம். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நிற்கிறார்கள். "பாத்தியா, அவ வயித்துக்கே ஒத்துக்கல!" என்று ஒரே சத்தமாம். யாரோ அந்தப் பாக்கெட்டுக் கயிற்றை அவிழ்த்து அவர் கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கிறார்கள். போனில் எடுத்திருக்கிறார்கள். கொம்பையா எனக்கும் அதைக் காட்டினார். முதல் பதினைந்து விநாடி பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை. அதனால் அதில் மேற்கொண்டு என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு கிளாஸ் எண்ணெயைக் குடித்தால், புதுசானாலும் பழசானாலும், யாருக்கும் அப்படித்தான் ஆகும். அது எனக்குத் தெரியும். அங்கே நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதோடு கடை போய்விட்டது. மறுநாள் வண்டியைக் கொண்டுவந்தபோது அந்த இடத்தில் தவசி பெஞ்சு போட்டிருந்தாராம். இப்போது அவரே வடை, பஜ்ஜி எல்லாம் போடுகிறார். எங்களுக்கு வாரம் இரண்டு கேன் கொடுக்கிறார். நல்ல சப்ளையர். அந்த வீடியோ சுற்றியதில் மற்ற கடைக்காரர்களும் பயந்துபோய்த் தாங்களாகவே போன் செய்து, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். அந்த மாதம் வரத்து முன்னைவிட ஒன்றரை மடங்கு. அட்டை வந்த பிறகுதான் சிவப்பு நிறைய விழுகிறது, சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று மேனேஜர் சார் மீட்டிங்கில் சொல்லி எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார். அப்பா அதற்குப் பாலிதீன் பை போட்டுக் கட்டி வைத்திருக்கிறார், கரித்தூசி விழக் கூடாதென்று.

எனக்கு அந்த அம்மாவை நினைத்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரி கிடையாது. இரண்டு மாதம் கழித்து வேலை கேட்டு இங்கே கேட்டில் வந்து நின்றார். கொம்பையா வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். நான்தான் சாரிடம் பேசி உள்ளே சேர்த்துவிட்டேன். கேன் கழுவுகிற வேலை.

திரும்பிப் பார்க்காதீர்கள் மேடம். ஷெட் ஓரத்தில், மரத்தூள் மூட்டை பக்கத்தில் குத்த வைத்திருக்கிறார் பாருங்கள், நீலச் சேலை. அவர்தான். மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, அப்புறம் காஸ்டிக் தண்ணீர். கையுறை கொடுத்திருக்கிறோம். பெரிய சைஸ்தான் இருந்தது. போட மாட்டார். கையெல்லாம் வெந்துபோயிருக்கிறது. என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். "நீ நல்லாயிருப்ப தாயி, நீ இல்லன்னா எனக்கு ஏது கஞ்சி" என்பார். நாலு மணிக்கு ஆபீசுக்கு வடை வரும், தவசி கடையிலிருந்துதான் வரும். அவருக்கும் ஒன்று கொடுப்போம். வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "நாலு நாள் எண்ணெய்" என்று சொல்லி ஓரமாக வைத்துவிடுவார். கொம்பையா விட மாட்டார். "அதான, உனக்குத் தெரியாத எண்ணெயாக்கா?" எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும் ஒரு தடவை சிரித்திருக்கிறேன், மறைக்கவில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்று ஒன்று நடந்தது. இது நான் பார்த்தது, என்னிடமே நடந்தது.

அந்தச் சுவர்ப் பக்கம் கேன்களை அடுக்க வந்தவர் அட்டையின் முன்னால் நின்றுவிட்டார். ஐந்தாவது வரை படித்திருக்கிறார். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். "ஒன்று. மீட்டரை... ஆன்... செய்யவும். இரண்டு. முனையைச் சூடான எண்ணெயில் முக்கவும். மூன்று. எண் நிற்கும்வரை பார்க்கவும். நான்கு..." முழுதும் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு தாயி எழுதுனது? நல்லா வெளங்குதே."

"நான்தாம்மா" என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டிரைவர்கள் ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கம்மா."

"வடை வேகையிலயே கம்பிய முக்கலாமா தாயி? ஈர மாவுல தண்ணி கெடக்குமே. நாங்கள்லாம் நுரை அடங்காம எண்ணெயத் தூக்கு வாளிக்கு மாத்தக்கூட மாட்டோம்."

படித்தவள் என்று கேட்கிறார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? "மீட்டருக்கு அதெல்லாம் ஒன்றுமில்லைம்மா. எப்போது முக்கினாலும் சரியாகத்தான் காட்டும்" என்றேன்.

அட்டையின் இரண்டாவது வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"அப்பச் சரி. இத்தன நாளும் அதுதான் மனசப் போட்டு அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்ப எண்ணெயிலதான் கோளாறு. பாக்கெட்டுலயே கலந்து வித்திருக்கான். நானும் அதத்தான் பிள்ளைகளுக்கு ஊத்தி ஊத்திப் போட்டிருக்கேன்." கேனைத் தூக்கிக்கொண்டார். இரண்டு அடி நடந்துவிட்டு நின்றார். "பச்சப் பிள்ளைகளுக்கு தாயி. அவங்க எனக்குச் செஞ்சது தப்பில்ல, இல்லயா?"

கேட்டுவிட்டு, கேனோடு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

சார் வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. அவரிடம் இதைக் கேட்க வேண்டாம் மேடம். அவர் உங்களுக்கு வரத்துக் கணக்கு எல்லாம் காட்டுவார், எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சீனியம்மாளின் எண்ணெய் உண்மையில் எவ்வளவு காட்டியிருக்க வேண்டும் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்த எண்ணெயும் இந்தத் தொட்டியில்தான் இறங்கியது. எந்த லாரியிலோ எரிந்துபோயிருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினான்காம் பக்கம். எப்படிச் சோதிப்பது என்று ஐந்து வரி இருக்கிறது. இரண்டாவது வரி: பொரிகிற பண்டத்தை வெளியே எடுத்துவிட்டு, குமிழ் அடங்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்கவும், எண்ணெயில் தண்ணீர் இருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறது. ஓரத்தில் தமிழில் 'இது வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.